களையெடுப்புக்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உங்கம்மா நேற்று ராத்திரி போனில் ஊர்ச் செய்தி எல்லாம் சொன்னாள். புரட்டாசிக் கடைசியில் புழுதியில் போட்ட மக்காச்சோளம் ஒரே மழையில் வரிசை காட்டிவிட்டதாம். உளுந்துதான் அங்கங்கே சொட்டை விழுந்து கிடக்கிறதாம். பன்றிக்குக் காவல் இருக்க ஆள் கிடைக்கவில்லையாம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று இருப்பதாகவும், அதற்காக இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்கப் போவதாகவும் சொன்னாள். உன்னைப் பற்றி ஒரே வரி: "அவனுக்கும் டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதியிருக்கார். சின்னப் பயதானே, பொங்கல் கழிச்சுப் பாத்துக்கிடலாம்னுட்டான்."

போனில் பதில் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் பாதிதான் கேட்பீர்கள். அதனால் காகிதத்தை எடுத்தேன். சம்பளப் பட்டியலில் நுண்கதிர் வீச்சாளர், ஊருக்குள் எக்ஸ்ரேக்காரர் என்று ஓய்வு பெறும்வரை எலும்பைப் பார்த்தே பிழைத்தவன் நான். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எந்தப் படம், எதற்காக என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. உங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. உங்கம்மாவுக்கு அந்த ஸ்கேன் இப்போதைக்குத் தேவையே இல்லை. உனக்குத்தான் வேண்டும், பொங்கலுக்கு அப்புறம் அல்ல, களையெடுப்புக்கு முன்னால்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கம்மா தன்னை அறியாமலே எனக்கு ஒரு தகவல் தந்தாள். போன வாரம் மூன்று நாள் அடைமழை பிடித்துக்கொண்டு யாரும் காட்டுக்குப் போகவில்லை அல்லவா? அந்த மூன்று நாளும் தனக்கு முழங்கால் வலியே தெரியவில்லை என்றாள். நீயோ படுத்தே கிடந்தாய், எழுந்திருக்கவே முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்தாய், பின்னிரவில் மூன்று மணிக்கு வலியில் விழித்து முற்றத்தில் நடந்தாய் என்றாள். மழை விட்டு மறுநாள் மருந்து அடிக்கப் போனவுடன் பத்து மணிக்கெல்லாம் நீ சரியாகிவிட்டாய். அவளுக்கு முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. "சோம்பேறிப் பய, வேலைக்குப் போனா வலி எங்க போச்சு பாரு" என்று அத்தான் வேறு ஏசினாராம்.

அத்தான் கேட்ட கேள்வி சரி. அதற்கு அவர் சொல்லிக்கொண்ட பதில்தான் தப்பு. தேய்மானத்தால் வருகிற வலி வேலை செய்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். உங்கம்மாவுக்கு இருப்பது அதுதான். அழற்சியால் வருகிற வலி நேர்மாறானது. ஓய்வு அதற்கு ஆகாது. காலையில் எழுந்தால் அரைமணிக்கு மேல், சிலருக்கு இரண்டு மணி நேரம்கூட, முதுகும் இடுப்பும் பலகையாக இருக்கும். நடக்க நடக்க, குனிந்து நிமிர வலி இறங்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு மாதம் வலது பிட்டத்தில், மறு மாதம் இடது பிட்டத்தில் என்று இடம் மாறும். நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே, பெரும்பாலும் இருபதுகளில், தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும். உன் வயது இருபத்தாறு. உனக்கு வலி ஆரம்பித்தது சித்திரையில் என்று உங்கம்மா சொல்கிறாள்.

இந்த நோயை டாக்டர்கள் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். முற்றிய நிலையில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றும் கேள்விப்படுவாய். உனக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இதுவா என்று பார்க்கத்தான் அந்த டாக்டர் படம் கேட்டிருக்கிறார். உழைக்கிற வீட்டில் இந்த நோய் எளிதாக ஒளிந்துகொள்ளும். பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, படைப்புழுவுக்கு ஒவ்வொரு குருத்தாகப் பார்த்து மருந்து அடிக்கிற பையனுக்கு முதுகு வலித்தால், டேங்க்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 2018இல் அந்தப் புழு வந்ததிலிருந்து கரிசல் காட்டில் முதுகு வலிக்காத பையன் யார்? உலகம் முழுக்கவே இந்த நோய் தொடங்குவதற்கும் கண்டுபிடிக்கப்படுவதற்கும் இடையில் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அத்தனை ஆண்டும் அவர்கள் சும்மா இருப்பதில்லை. கடையில் மாத்திரை வாங்குகிறார்கள், எண்ணெய் தேய்க்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். உள்ளே எலும்பு மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒட்டிய பிறகு பிரிக்க மருந்து கிடையாது.

இனி படத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்.

உன் முதுகெலும்பு கீழே போய் இடுப்பெலும்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு மூட்டு இருக்கிறது. சேக்ரோ இலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. ஜாயின்ட். இந்த நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எக்ஸ்ரேயில் அந்த மூட்டு அரிக்கப்பட்டோ ஒட்டியோ இருந்தால் தெரியும். ஆனால் அந்த நிலைக்கு வரவே சில வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட ஆகும். அதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே 'நார்மல்' என்றே வரும். 1984இல் வகுத்த பழைய அளவுகோல் எக்ஸ்ரே மாற்றத்தைக் கட்டாயமாகக் கேட்டது. 2009இல் வந்த புதிய அளவுகோல் எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற அழற்சியையும் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட இருபத்தைந்து வருடத்தில் "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லப்பா, போய் வேலையைப் பாரு" என்று எத்தனை இளைஞர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் படங்களில் பல என் கையால் கழுவிக் காயவைத்தவை.

எக்ஸ்ரேக்குத் தெரிவது கெட்டியான எலும்பு. எம்.ஆர்.ஐ. பார்ப்பது நீரை. உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்களைப் பெரிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அவை திரும்பி வரும்போது தருகிற சிக்னலைப் படமாக்குகிறார்கள். அழற்சி உள்ள இடத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருக்கும். ஸ்டிர் என்று ஒரு முறை உண்டு. அதில் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிவிடுவதால் நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். நம் காட்டில் மேல்மண் வெளுத்துக் காய்ந்து தெரிந்தாலும் விரலால் நோண்டினால் உள்ளே ஈரம் இருக்குமே, மேலே மட்டும் பார்த்து விதைக்கிறவன் தவறிவிடுவானே, அப்படித்தான் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும்.

இப்போது உன் சீட்டை எடுத்துப் பார். அதில் 'எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்' என்று மட்டும் எழுதியிருக்கிறதா, 'எஸ்.ஐ. ஜாயின்ட்' என்றும் இருக்கிறதா? முதுகுவலி என்று போனால் பழக்கத்தில் கீழ்முதுகை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அதில் எஸ்.ஐ. மூட்டு ஓரத்தில் அரைகுறையாகத்தான் விழும். அந்த மூட்டுக்கென்று சாய்வாக, தனியாக எடுக்க வேண்டும். சீட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கீழ்முதுகை மட்டும் எடுப்பதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் நிச்சயம் ஏதாவது எழுதியிருக்கும். 'டிஸ்க் பல்ஜ்' என்று பார்த்தவுடன் வீடே பதறும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது, 37 பேருக்குத் தேய்வு இருந்தது. எண்பது வயதில் தேய்வு 96 பேருக்கு. வலி இல்லாதவர்களுக்கு இது! நரை முடியை யாரும் நோய் என்று சொல்வதில்லை. இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள். உன் ரிப்போர்ட்டில் பிதுங்கல் இருந்துவிட்டு எஸ்.ஐ. மூட்டைப் பார்க்காமலே விட்டிருந்தால், உனக்குத் தப்பான ஒரு பதில் கிடைத்திருக்கும். அதோடு நீ இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவாய்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எஸ்.ஐ. மூட்டில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலே நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. ஓட்டப் பந்தய வீரர்கள், ராணுவத்தில் பயிற்சி எடுக்கிறவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள் ஆகியோருக்கும் அங்கே சிறிது நீர் கோத்துத் தெரிவதுண்டு. பாரம் தூக்குகிற உன் உடம்பிலும் தெரியலாம். எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அது இருக்கிற பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ஆகவே படமும் ரத்தமும் டாக்டர் கையில் இருந்தாலும், முடிவை நகர்த்துவது நீ சொல்லுகிற கதை. அங்கே போய் "முதுகு வலிக்குது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாதே. அடைமழை நாளில் கூடியது, மருந்தடிக்கப் போனதும் குறைந்தது, பின்னிரவில் விழித்தது, காலையில் எத்தனை மணிவரை விறைப்பு என்பதையெல்லாம் சொல். குதிகால் வலி உண்டா? கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசியதுண்டா? சொரியாசிஸ் உண்டா? வயிற்றுப்போக்கு அடிக்கடி வருமா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி முதுகு வளைந்ததா? உன் தாத்தாவின் தம்பி ஒருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்ப்பார். சின்ன வயதில் அவரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அதையும் சொல்.

நீ ஆடு வளர்க்கிறாய் என்பதையும் மறக்காமல் சொல். குட்டி போடும்போது கையால் எடுக்கிறவர்களுக்கும், பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்களுக்கும் புருசெல்லோசிஸ் என்ற தொற்று வரலாம். அது இதே எஸ்.ஐ. மூட்டைப் பிடிக்கும். காசநோயும் முதுகெலும்பில் உட்காரும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் ஒளிக்காதே. கால் மரத்துப்போய்ப் பலம் குறைந்தாலோ, மூத்திரம் போக முடியாமல் ஆனாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இன்னொன்று. மருந்துக்கடையில் "வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிப் போடுகிற பழக்கம் உனக்கு இருப்பதாக உங்கம்மா சொன்னாள். அந்தச் செட்டுக்குள் பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். மூட்டுவலிப் பொடி என்று பேர் இல்லாத பொட்டலத்தில் விற்பதிலும் இருக்கும். அதிக அளவில், நீண்ட நாள் அது உள்ளே போனால் தொடையெலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பே செத்து நொறுங்கக்கூடும். அதுவும் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இளைஞர்கள் இடுப்பு மூட்டையே மாற்றிக்கொள்ள வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டு வலி மாத்திரையை விழுங்கினால் சிறுநீரகம் கெடுவது தனிக் கணக்கு. டாக்டர் எழுதித் தருகிற வலி மாத்திரை வேறு. இந்த நோய்க்கு முதல் மருந்தே அதுதான். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும்.

சரி, உங்கம்மாவுக்கு ஏன் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்கிறேன்? நாற்பத்தைந்து தாண்டிய ஒருவருக்கு, வேலை செய்தால் கூடுகிற முழங்கால் வலி, அரைமணிக்குக் குறைவான காலை விறைப்பு என்றால், படமே இல்லாமல் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்று இங்கிலாந்து அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு சொல்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் 'மெனிஸ்கஸ் கிழிவு' என்று ஒரு வரி வரும். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 991 பேருக்கு முழங்காலைப் படமெடுத்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிவு இருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய மாதத்தில் வலியோ விறைப்போ எதுவுமே இல்லை. ஆனால் கிழிவு என்று காகிதத்தில் பார்த்துவிட்டால் நம் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்பார்கள். 2002இல் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து, சிலருக்கு உண்மையாகவே துளை போட்டு மூட்டைச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து, செய்ததாக நம்பவைத்தார்கள். இரண்டு வருடம் பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. இரண்டு குட்டிகளை விற்று இந்தப் பாதையில் ஏற வேண்டுமா என்று உங்கம்மாவைக் கேள். குட்டிகள் கார்த்திகைக்குள் நல்ல விலைக்கு வளர்ந்துவிடும்.

அவளுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும். அதையும் நிற்கவைத்து எடுக்கச் சொல். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்கிறோம். படுக்கவைத்து எடுத்தால் பாரம் இல்லாததால் இடைவெளி அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். கூட்டம் அதிகமான நாளில் படுக்கவைத்து எடுத்து முடித்துவிடுவார்கள், அவசரத்தில். அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள், நீ கேள். இரண்டு முழங்காலும் ஒரே படத்தில் விழட்டும். மடக்கிய கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, வரப்பில் வழுக்கி விழுந்த பின் வீங்கினாலோ, அப்போது எம்.ஆர்.ஐ. பற்றி டாக்டர் யோசிப்பார். மூட்டு கொதித்து வீங்கி, கூடவே காய்ச்சலும் அடித்தால் அது ஸ்கேனுக்குக் காத்திருக்கிற விஷயமே இல்லை. உடனே போய் ஊசியால் நீரெடுத்துப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு உண்மையில் வேண்டியது தொடைக்குப் பலம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி செய்பவர் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்து வை. களையை இந்த வருடம் குத்தவைத்து எடுக்க வேண்டாம். மக்காச்சோள வரிசைக்குள் நின்றபடி தள்ளுகிற சக்கரக் களைக்கருவி போகும். உளுந்துக்குள் போகாதுதான். அதற்கு ஆள் விடுங்கள், கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஈரத்தில் நின்றதால்தான் மூட்டு தேய்ந்தது என்று அவள் சொல்வதை மறுத்துக்கொண்டிருக்காதே. ஈரத்தால் தேயவில்லை என்று சொன்னால் தன் உழைப்பையே இல்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்வாள்.

ஸ்கேன் அறை பற்றிக் கொஞ்சம். கதிர்வீச்சு கிடையாது, அந்த பயம் வேண்டாம். ஆனால் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் குளிர்ந்திருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. 1895இல் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தபோது விரலெலும்போடு மோதிரமும் சேர்ந்து விழுந்தது. அங்கே மோதிரம் படத்தைத்தான் மறைக்கும், இங்கே இரும்பு என்றால் பறந்து போய் ஆளையே அடிக்கும். உன் அரைஞாண் கயிற்றில் இருக்கிற தாயத்தைக் கழற்றிவிட்டு வா. வெள்ளிக்குக் காந்தம் பிடிக்காது, ஆனால் அதற்குள் என்ன சுருட்டி வைத்திருக்கிறது என்று கட்டியவருக்குத்தான் தெரியும். (மாட்டேன் என்று அழுத பெண்கள் உண்டு, தாலிக்காக. மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டிக்கொண்டு சங்கிலியை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமியார்கள் அந்த அரைமணி நேரமும் அதைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.)

நீ கோயம்புத்தூரில் வெல்டிங் பட்டறையில் இருந்தவன். கண்ணில் இரும்புத் துகள் விழுந்து எடுத்ததுண்டா என்று கேட்பார்கள். உண்டென்றால் உண்டென்று சொல். முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். வெட்கப்பட்டு இல்லை என்று சொன்னால் அந்தத் துகள் காந்தத்துக்குள் அசைந்து பார்வையே போகக்கூடும். உள்ளே தகர டப்பாவைத் தட்டுவது போல டமடமவென்று சத்தம் வரும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். கண்ணை வெளியிலேயே மூடிக்கொண்டு உள்ளே போ, குழாயைப் பார்த்துவிட்டு மூடினால் பிரயோசனம் இல்லை. கையில் ஒரு ரப்பர் உருண்டை தருவார்கள், முடியவில்லை என்றால் அமுக்கு. அரைமணி அசையாமல் மல்லாந்து கிடப்பது உனக்கு வலிக்கும். அன்றைக்கு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று முன்பே டாக்டரிடம் கேட்டுவை.

செலவைப் பற்றி அத்தான் கவலைப்படுவார். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வாங்கி எடுத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உங்கள் பீரோவில் இருக்கிறது, எனக்குத் தெரியும். அதைக் கொண்டு வா. எது அடங்கும், எது அடங்காது என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு அறையில் கேட்டுக்கொள்வோம். அடங்காவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரியில் வெளியில் கேட்கிற பணம் ஆகாது. நோய் உறுதியானால் பார்க்க வேண்டியது ருமட்டாலஜி டாக்டரை, எலும்பு முறிவு டாக்டரை அல்ல. உறுதியானாலும் தலை கவிழ ஒன்றும் இல்லை. தினம் உடம்பை வளைக்கிற பயிற்சியும் நீச்சலும் இதற்கு மருந்துக்குச் சமம். கண்மாய் பெருகிக் கிடக்கிறது, உன்னை யார் தடுத்தார்கள்? வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் அடுத்த கட்ட ஊசிகள் வந்திருக்கின்றன. அவற்றைப் போடுமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிகரெட்டை மட்டும் இன்றோடு விடு. இந்த நோயில் எலும்பு ஒட்டுவதைப் புகை வேகப்படுத்துகிறது. நீ பிடிப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே.

இப்போது தேதி. சோளம் முளைத்து ஒரு வாரம் ஆகிறது. முதல் களைக்கு இருபதாம் நாள் வாக்கில்தான் இறங்க வேண்டும். அதற்குள் ஒரு வேலை நாள் காலியாக இருக்கும். மழை பெய்தால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, எல்லா நாளும் காலி. அந்த இடைவெளி போய்விட்டால் களை, பிறகு மேலுரம், பிறகு மருந்து, பிறகு காவல், பிறகு அறுப்பு. பொங்கல் கழித்து என்று நீ சொல்வதற்கு மாசியில் கொத்தமல்லியும் மிளகாயும் பதில் சொல்லும். அத்தானிடம் நான் பேசுகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழ முடியாத மகனைப் பார்த்து அவர் பயந்துபோய்த்தான் ஏசுகிறார்.

வருகிற வியாழக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் ஏறு. உங்கம்மாவையும் கூட்டி வா, ஒரே நடையில் அவளுக்கு எக்ஸ்ரேயும் முடிந்துவிடும். கோவில்பட்டியில் நான் நிற்பேன். பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும் எடுத்து வா. புதுப் படத்துக்கு அர்த்தம் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் முழுசாகத் தெரியும். சுருட்டாதே, மடிக்காதே, பஸ்ஸில் வெயில் படுகிற பக்கம் வைக்காதே. இப்போது வருகிற பிலிம் சூட்டில் கறுத்துப்போகும். சூரிய கிரகணம் பார்க்க உன் தங்கை எடுத்துக்கொண்டு போனாளே, அந்தப் படம் இருந்தால் அதையும் வாங்கி வை, இனிமேல் அப்படிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று பஸ்ஸில் யாராவது சொன்னால் கேட்காதே. மயக்கமும் கிடையாது, மருந்து ஏற்றுவதும் இதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இட்லி சாப்பிட்டுவிட்டே வா.

இப்படிக்கு,
உன் மாமா